நாலாவது சங்கு

எங்கள் வீட்டில் "ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்" என்றால் முடியாது என்று அர்த்தம். என் கணவர் யார் மனதையும் நோகடிக்க மாட்டார். பொய்யும் சொல்ல மாட்டார். அப்படிப்பட்ட மனுஷனுக்கு இந்த ஒரு வாக்கியம்தான் கைகொடுக்கிறது. சபைக் கமிட்டியில் நிற்கச் சொன்னால் ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன். மச்சினர் சேர்ந்து இடம் வாங்கலாம் என்று போன் பண்ணினால் ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன். ஒரு தடவை, ஃபிரிட்ஜ் நாள் முழுக்கக் கத்துகிறதே, மாற்றலாமா என்று நான் கேட்டதற்கும் அதையே சொன்னார். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். எங்கள் ஆட்களுக்கு இது நன்றாகப் புரியும். கேட்டதும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஃபிரிட்ஜ் இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்கு எதையும் எட்டிப் பார்த்தாக வேண்டும். பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று தெரியாவிட்டால் இவளுக்குச் சோறு இறங்காது என்று அம்மா எல்லாரிடமும் சொல்லுவாள். அதில் பொய்யே இல்லை. ரயிலில் யாராவது டிபன் பாக்ஸைத் திறந்தால் என் கழுத்து தானாகத் திரும்பும். சபையில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் மெல்லத் திறந்துவிடுவேன். யார் அழுகிறார்கள், யார் தூங்குகிறார்கள், யார் மடியில் போனை வைத்துத் தடவுகிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்தால்தான் மறுபடி மூட முடியும். இது நல்ல பழக்கம் இல்லை என்று எனக்கே தெரியும். ஆண்டவரிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டே.

கணவருக்கு ரயில்வேயில் கணக்குப் பிரிவு. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்தபோது அலுவலகம் கார்டன் ரீச்சில். குவார்ட்டர்ஸ் காலியில்லை என்று பெஹாலாவில் ஒரு சந்துக்குள் இரண்டாம் மாடி ஃபிளாட் பிடித்தோம். என் சமையலறை ஜன்னலுக்கும் எதிர் வீட்டு வராந்தாவுக்கும் நடுவே சந்தின் அகலம்தான் இடைவெளி. எட்டிக் கை நீட்டினால் கறிவேப்பிலை கடன் வாங்கலாம். அவர்கள் வீட்டில் கறிவேப்பிலை இருக்காது, அது வேறு விஷயம்.

வந்த முதல் சாயங்காலம் எதிர் வீட்டில் சங்கு ஊதியது. எங்கள் ஊர்ப் பக்கம் சங்கு ஊதினால் யாரோ கண்ணை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம். ஐயோ பாவம், நாம் வந்த அன்றைக்கேவா என்று அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினேன். அதற்குள் பக்கத்து வீட்டிலும் ஊதியது. பிறகு சந்து முழுக்க. கீழ் வீட்டுப் பௌதியிடம் விசாரித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. பௌதி என்றால் அண்ணி. இங்கே அக்கம்பக்கத்தில் கல்யாணமான பெண்கள் எல்லாருமே பௌதிதான். வங்காளி வீடுகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்கள் சங்கு ஊதுவது மங்கலமாம். மூன்று முறை ஊதுவார்களாம். நல்லவேளை, துக்கம் விசாரிக்கக் கிளம்பாமல் போனாயே என்று கணவர் சிரித்தார்.

ஆனால் எதிர் வீட்டில் சங்கு மூன்றோடு நிற்கவில்லை. மூன்றும் முடிந்து, சந்தே அடங்கிய பிறகு, நாலாவதாக ஒன்று வரும். முதல் மூன்றும் வீட்டுக்குள் சாமி அறையிலிருந்து வரும். நாலாவது மட்டும் கிட்டத்தில், வராந்தாவிலிருந்து, மூச்சுப் பிடித்து ஊதின மாதிரி பலமாக வரும். அவர்கள் குடும்ப வழக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி கீழ் வீட்டுப் பௌதியைப் பிடித்தேன். அப்படி ஒரு வழக்கமே கிடையாது, உனக்கு எண்ணத் தெரியவில்லை என்றுவிட்டார். எனக்கா எண்ணத் தெரியாது? மழைக்காலம் என்பதால் ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். அடுப்படியில் நின்று காதால் மட்டும் எண்ணி எண்ணி எனக்குத் தலைக்குள் வண்டு புகுந்தது மாதிரி ஆகிவிட்டது.

இந்த இடத்தில் எங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாற்றல் உத்தியோகக் குடும்பங்களுக்கு என்று யாரும் எழுதி வைக்காத சட்டங்கள் உண்டு. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தொட்டியில் செடி வைக்கக் கூடாது. அந்த ஊர்ப் பாஷையில் காய்கறிப் பெயருக்கு மேல் கற்றுக்கொள்ளக் கூடாது. எப்படியும் ஆர்டர் வந்துவிடும், பிறகு எதற்கு வீண் வேலை. எங்கள் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி கல்யாணமான நாளிலிருந்து சுவரில் சாய்ந்துதான் நிற்கிறது. குனிந்து குனிந்து தலை வாரியே எனக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. சில அட்டைப் பெட்டிகளை எந்த ஊரிலும் பிரிப்பதே இல்லை. விசாகப்பட்டினத்தில் கட்டின கயிறோடு நாக்பூர் போகும், அங்கிருந்து அதே கயிறோடு கொல்கத்தா வரும்.

அதில் ஒரு பெட்டி என்னுடையது. கல்யாணத்துக்கு முன்னால் நான் காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி எடுத்து, ஒரு பள்ளியில் வேலையும் பார்த்தேன். மனசு நிறைந்த வேலை. கல்யாணமானது, முதல் மாற்றல் வந்தது, மகன் பிறந்தான், அடுத்த மாற்றல் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. பள்ளியில் பயன்படுத்திய மணி, சின்ன டமாரம், படங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. ஊர் ஊராக எந்தச் சபைக்குப் போனாலும் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்புக் கேட்பார்கள். ஆண்டவர் எனக்கு ஒரு வாசலைத் திறக்க வேண்டும் என்று தவறாமல் சொல்லுவேன். நல்ல பெண்கள், எல்லா ஊரிலும் எனக்காக உருகி ஜெபித்தார்கள்.

பூஜை விடுமுறை முடிந்து லேசாகக் குளிர் வந்ததும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். மறைத்துக்கொண்டிருந்த பாத்திர ஸ்டாண்டையும் கொஞ்சம் நகர்த்தினேன். வெளிச்சத்துக்காக என்று கணவரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அன்றைக்குத்தான் நாலாவது சங்கைக் கண்ணால் பார்த்தேன். எதிர் வீட்டு மருமகள், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், கையில் சங்கோடு வராந்தாவுக்கு வந்தாள். தரையில் அவளுடைய பெண் குழந்தை உட்கார்ந்து துணி மாட்டும் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. மூன்று வயது இருக்கும். இவள் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, சங்கை வாயில் வைத்து ஊதினாள். சந்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கே உடம்பு தூக்கிப்போட்டது. பிள்ளை அசையவில்லை. பச்சைக் கிளிப்புக்குப் பக்கத்தில் மஞ்சள் கிளிப்பை வைத்தது.

நான் அடுப்பை அணைத்தேன். படித்த படிப்பு எங்கேயும் போய்விடவில்லை, உள்ளே இருந்து எழும்பி வந்தது. அந்தப் பிள்ளையைச் சந்தில் வரப்போக நான் முன்னாலும் பார்த்திருக்கிறேன். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்க்கும். நல்ல துறுதுறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேனே தவிர, வேறு யோசிக்கவில்லை. அம்மாக்காரி சங்கைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளையின் பின்தலையைப் பார்த்தபடி நின்றாள். இவளுக்கு இன்னும் விளங்கவில்லை போல என்று நினைத்தேன். பிள்ளைக்கு மூன்று வயது. பேச்சு ஊறி வளர்கிற வயது. இந்த வருஷங்கள் போனால் பிறகு எத்தனை பாடுபட்டாலும் பாதிதான் கிடைக்கும்.

கணவரிடம் சொன்னேன். அவங்க பூஜை செய்யுற நேரத்துல நாம எட்டிப் பாக்கதே தப்பு என்று ஆரம்பித்தார். பிறகு, பிள்ளை விளையாட்டுக் கவனத்தில் இருந்திருக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். சரி, சோதித்துவிடுவோம் என்று மறுநாள் சாயங்காலம் வீட்டில் இருப்பதிலேயே பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்து, பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து ஜன்னலோரத்துக் கல் மேடையில் போட்டேன். ஊரே அதிர்ந்தது. ஜன்னல் விளிம்பில் இருந்த புறாக்கள் பறந்தன, கீழே நாய் குரைத்தது, அம்மாக்காரி வெளியே ஓடிவந்து என் ஜன்னலைப் பார்த்தாள். பிள்ளையும் நிமிர்ந்து பார்த்தது.

"அதான் கேக்குதே. இனியாவது விடு" என்றார் கணவர். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது, அதை நினைத்து என் மேலேயே எரிச்சலாகவும் இருந்தது. ஒரு பிள்ளைக்குக் காது கேட்கிறது என்பதற்கு வருத்தப்படுகிறவளை என்ன சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனையில் நீண்ட ஜெபம். வழக்கம்போல எல்லாரும் கண்ணை மூடியிருக்க நான் திறந்து ஒரு சுற்று வந்தேன். முன் வரிசையில் ஒரு கைக்குழந்தை தன் அம்மா தோளில் கிடந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அதுவுமாக முகத்தைச் சுளித்து விளையாடிக்கொண்டிருந்தபோது மைக் திடீரென்று கீச்சென்று அலறியது. குழந்தையின் தலை வெடுக்கென்று ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது. கண்ணை மூடியிருந்த பெரியவர்கள் தலையும் அதே பக்கம்தான் போனது. சத்தம் கேட்கிறவர்கள் சத்தம் வந்த திசையைப் பார்ப்பார்கள்.

எதிர் வீட்டுப் பிள்ளை என் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. அது மேலே பார்த்தது. தாம்பாளம் விழுந்ததும் எழும்பிய புறாக் கூட்டம் அதன் தலைக்கு மேலே பறந்தது. பிள்ளை பார்த்தது புறாவை. பயிற்சியில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம், கண்ணுக்கு எதுவும் தெரியாதபடி சோதிக்க வேண்டும் என்று. அதைக்கூட மறந்து தாம்பாளத்தைத் தூக்கிப் போட்ட என் புத்தியை என்ன சொல்ல. ஆமென் சொல்கிற நேரத்தில் நான் ஐயையோ என்றேன். பக்கத்தில் இருந்த வயதான ஒரு அம்மா, நான் ஜெபத்தில் உடைந்துவிட்டேன் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எனக்கு வேதத்தில் வருகிற இரண்டு பேர் ஞாபகம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், முட்செடி எரிகிறதே, ஏன் கருகவில்லை என்று வழியை விட்டு விலகிப் போய்ப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல் வந்தது. இன்னொருவர் குள்ளமான வரி வசூலிப்பவர், கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்று மரத்தில் ஏறினார். அவர் வீட்டுக்குத்தான் ஆண்டவர் சாப்பிடப் போனார். இரண்டு பேரும் என் ஜாதி. சும்மா எட்டிப் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள். இத்தனை வருஷம் இதைக் குற்றமாக மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேனே என்று ஆச்சரியமாக இருந்தது.

எதிர் வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். பாஷை தெரியாமல் ஒரு தாயிடம் எப்படி இதைச் சொல்லுவாய், நம் ஆர்டர் வேறு எப்போது வேண்டுமானாலும் வரும், கிளறிவிட்டுவிட்டு நாம் போய்விட்டால் என்ன ஆகும் என்று கணவர் கேட்டார். எல்லாமே சரியான கேள்விகள். கடைசியில், முதல்ல ஜெபம் பண்ணுவோம் என்றார்.

"நான் பண்ணியாச்சு. கண்ணத் தொறந்துட்டே பண்ணினேன்" என்றேன்.

கயிற்றை அறுத்து அந்தப் பெட்டியைத் திறந்தேன். எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தை வியாபாரம் பண்ணாமல் மண்ணில் புதைத்துவைத்த ஒரு வேலைக்காரனைப் பற்றி ஞாயிறு பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவனாவது ஒரே இடத்தில் புதைத்தான். நான் லாரி வைத்து ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு அலைந்திருக்கிறேன். மணி கறுத்திருந்தது. டமாரத்தின் தோல் தளர்ந்திருந்தது, ஆனாலும் அடித்தால் சத்தம் வந்தது.

டிசம்பர் மாதமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. கிறிஸ்துமஸை இங்கே பொரோதின் என்பார்கள். எந்த மதமானாலும் எல்லா வீட்டிலும் கேக் வெட்டுவார்கள். அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, பையில் மணியையும் டமாரத்தையும் போட்டுக்கொண்டு எதிர் வீட்டு மாடி ஏறினேன். மாமனார் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என்னைக் கண்டதும் உட்காரக்கூடச் சொல்லாமல் வாசலிலேயே நின்றாள். கைக்குக் கை தட்டு மாறியது. பிள்ளை அச்சுமுறுக்கை விரலில் மோதிரமாக மாட்டிக்கொண்டு என் வாயையே பார்த்தது.

எனக்குத் தெரிந்த ஓட்டை ஹிந்தியில், பிள்ளையோடு ஒரு விளையாட்டு விளையாடட்டுமா என்று கேட்டேன். பிள்ளையின் முன்னால் கிளிப்புகளை வைத்து அம்மாவை எதிரே உட்காரச் சொன்னேன். நான் பின்னால் போனேன். நிழல் விழாமல், தரை அதிராமல், இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். மணியை ஆட்டினேன். பிள்ளை கிளிப்பை எடுத்தது. பலமாக ஆட்டினேன். அடுத்த கிளிப். பிறகு டமாரத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் ஓங்கி அடித்தேன். கிளிப்போடு போன கை ஒரு நொடி நின்றது. மறுபடி அடித்தேன். மறுபடி நின்றது.

முழுக்க இருட்டு இல்லை, எங்கேயோ ஒரு துளி கேட்கிறது. அது போதும், அதை வைத்து எவ்வளவோ செய்யலாம். மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எங்களையே பார்த்தார். அந்தப் பெண் அழப்போகிறாள், அல்லது என்னை வெளியே போகச் சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஆமி ஜாந்தாம்" என்றாள். எனக்கு முன்னமே தெரியும் என்று அர்த்தம். அந்த அளவுக்கு வங்காளம் எனக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் ஹிந்தியும் வங்காளமுமாகக் கொட்டினாள். அவளுக்கு ஒரு வருஷமாகவே சந்தேகமாம். சொன்னால் வீட்டில் யாரும் நம்பவில்லை. பிள்ளையின் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான், பயப்படாதே என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அதனால் தினமும் விளக்கு வைத்து முடித்ததும், இன்றைக்காவது திரும்புகிறாளா என்று பிள்ளைக்குப் பின்னால் நின்று ஒரு முறை ஊதிப் பார்ப்பாளாம். அதுதான் நாலாவது சங்கு. நான் இவ்வளவு நாள் எண்ணிக்கொண்டு கிடந்தது ஒரு தாயின் சோதனையை. சந்துக்கு அந்தப் பக்கம் அவள் சங்கை வைத்துக்கொண்டும், இந்தப் பக்கம் நான் தாம்பாளத்தை வைத்துக்கொண்டும் ஒரே பிள்ளையைச் சோதித்திருக்கிறோம். ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அந்தத் தட்ட நீங்க வேணும்னேதான போட்டீங்க, தீதி?" என்று ஹிந்தியில் கேட்டாள். தீதி என்றால் அக்கா. ஆமாம் என்றேன். "அன்னைக்கே வருவீங்கன்னு கதவத் தொறந்து வச்சிருந்தேன்."

எனக்கு ஒரு வாசலைத் திறக்க வேண்டும் என்று ஊர் ஊராக ஜெபிக்கச் சொன்னவள் நான்.

மாமனார் நல்ல மனிதர். தன் கண்ணால் பார்த்த பிறகு ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. அலிப்பூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் காட்டினார்கள், நானும் கூடப் போனேன். இரண்டு காதிலும் பெருமளவு கேட்காது, மெஷின் வைத்தால் கொஞ்சம் பிடிக்க முடியும், ஆனால் மெஷின் மட்டும் பேச்சைக் கொடுக்காது, தினமும் உட்கார்ந்து பழக்க வேண்டும், இப்போதே தொடங்க வேண்டும் என்றார்கள். பழக்குகிற இடம் வெகு தூரத்தில், வாரத்துக்கு ஒரு நாள்தான் இடம் கொடுத்தார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். நான் தினமும் காலையில் வரச்சொன்னேன்.

பிள்ளைக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்க முடியாது, அதன் வீட்டில் பேசுகிற பாஷைதான் அதற்கு வேண்டும். ஆகையால் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது என் பொறுப்பு, என்ன வார்த்தை என்பது அம்மாவின் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். உதட்டுக்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து 'ப' சொன்னால் காகிதம் ஆடும். மூக்கின் மேல் பிள்ளையின் விரலை வைத்து 'ம' சொன்னால் விரல் அதிரும். கையாலும் பேசினோம், எது பிள்ளைக்குப் போய்ச் சேருகிறதோ அது. காய்கறிப் பெயருக்கு மேல் அதிகம் தெரியாத நான் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து பால், பந்து, பூனை, வா, போ என்று வங்காளம் படித்தேன். எங்கள் இரண்டு பேரில் நான்தான் மக்கு. கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, தரையோடு தரையாகக் குனிந்து இருவரும் வாயைப் பார்த்துக்கொள்வோம்.

பெண்கள் ஐக்கியத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஒரு அக்கா வந்து, நல்ல வாய்ப்புக் கொடுத்திருக்கிறார், வேத வசனத் துண்டுப்பிரதி ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டார். பிள்ளைக்கு இன்னும் 'மா' என்றே சொல்ல வரவில்லை அக்கா என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார். அடுத்த வாரம் தன் பேரனுக்குச் சின்னதாகிப்போன படப் புத்தகங்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

பிள்ளை மெஷினைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது. ஒரு நாள் மீன் வாளிக்குள்ளே போட்டுவிட்டது. அம்மாவும் நானும் கவிழ்ந்து தேடினோம். அது பழகி, தானாகக் காதை நீட்டத் தொடங்கின சமயத்தில்தான் ஆர்டர் வந்தது. பிலாஸ்பூர். கணவர் அலுவலகத்திலிருந்து போனில் சொன்னார். வழக்கமாக ஆர்டர் என்றதும் நான் பழைய பேப்பரையும் கயிற்றையும் எடுத்துவிடுவேன். அன்றைக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாம் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவர் முதலிலேயே கேட்டாரே.

சாயங்காலம் அவர் வந்ததும் சொல்லிவிட்டேன். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான், இங்கே பள்ளிக்கூடம் மாற்ற யாரும் இல்லை. நீங்கள் முதலில் போங்கள், லீவு நாளில் வாருங்கள், நான் பிள்ளைக்கு வாய் திறக்கிற வரைக்கும் இங்கே இருக்கிறேன் என்றேன். இரண்டு வீட்டுச் செலவு, அவருக்குச் சமைக்கத் தெரியாது, ஊரில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பாத்திரம் கழுவினேனா உடைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஆண்டவரோடும் சண்டை போட்டேன். திறந்துவைத்துவிட்டு இப்போது சாத்துகிறீரே, இது என்ன நியாயம் என்று கேட்டேன். கணவரோடு இரண்டு நாள் பேசவில்லை. காலையில் எதிர் வீட்டுப் பெண் பிள்ளையோடு வந்தபோது விஷயத்தைச் சொல்லவும் தைரியம் வரவில்லை. பிள்ளை என் மூக்கைத் தொட்டு, விரல் அதிருகிறதா என்று காத்திருந்தது. நான் 'ம' சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் கணவர் பெஹாலா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு ஒரு பொட்டலத்தோடு வந்தார். மீன் என்று நினைத்துக் கை நீட்டினேன். சுத்தியலும் ஆணியும். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"ஹவுஸ் ஓனர்ட்ட கேட்டாச்சு. அந்தப் பிள்ள முகம் தெரியணும்னா எந்த ஒசரத்துல அடிக்கணும்?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்த மனுஷன் நிஜமாகவே ஜெபம் பண்ணியிருக்கிறார். இத்தனை வருஷமும் பண்ணிக்கொண்டுதான் இருந்தாரோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. ஆணி மூன்று முறை வளைந்தது, அவருக்குப் பழக்கம் இல்லை. அடுத்த வாரம் குக்கரையும் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு பிலாஸ்பூருக்கு ரயில் ஏறினார். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று தினமும் போன் வரும்.

கோடை மழைக்கு முந்தின ஒரு சாயங்காலம். நான் சமையலறையில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு வராந்தாவில் பிள்ளை, காதில் மெஷினோடு, முதுகைக் காட்டிக் கிளிப்பு அடுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே மூன்று சங்கு முடிந்தது. அவள் வெளியே வந்து பிள்ளையின் பின்னால் நின்றாள். ஊதினாள்.

பிள்ளை திரும்பியது.

நான் முதலில் புறாவைத்தான் தேடினேன். ஜன்னல் விளிம்பு காலி. மேலே வானத்தில் ஒரு பறவை இல்லை. பிள்ளை கழுத்தை முழுக்கத் திருப்பி, அம்மாவையும் அவள் கையில் இருந்த சங்கையும் மாறி மாறிப் பார்த்தது. அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். பிள்ளை எழுந்து போய்ச் சங்கை வாங்கித் தன் வாயில் வைத்து ஊத முயன்றது, காற்றுதான் வந்தது. அவள் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தாள். நான் கஞ்சித் தண்ணீர் வழிகிற கையோடு நின்றேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலருகே காத்திருந்தேன். எதிர் வீட்டில் மூன்று முறை சங்கு ஊதியது. சந்து அடங்கியது. வெகுநேரம் நின்றேன். நாலாவது வரவில்லை.